பாத்திரமும் பயிற்சியும்: காமன் கூத்தும் இணைய விளையாட்டும் பற்றிய சில குறிப்புகள்

தமிழில் ‘ஆடுதல்’ என்னும் வினைச்சொல் கூத்துக்கும் உரியது, விளையாட்டுக்கும் உரியது. வேடம் புனைந்து களத்தில் நிற்பவனும் ஆடுகிறான். தாயக்கட்டை உருட்டுபவனும் ஆடுகிறான். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றிலும் இவ்வொற்றுமை உண்டு. சமுதாய வளர்ச்சியின் தொடக்க நிலையிலே சடங்கு, நடிப்பு, விளையாட்டு, உழைப்பு ஆகியன ஒன்றிலிருந்து மற்றொன்று முற்றாகப் பிரியாது கிடந்தமையின் தடம் இச்சொல்லில் எஞ்சியிருக்கின்றது எனலாம். பண்டைத் தமிழ்ச் சமூகத்து நாடகம் பற்றிய பேராசிரியர் கா. சிவத்தம்பியின் ஆய்வு (1981) இத்தொடர்பினைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்தது. நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் பொருள் அதனினும் மிகச் சிறியது. ஆயினும் அதே தொடர்பின் ஒரு நுனியைப் பற்றியது.

இணைய வழி பலர் ஒருங்கே கூடி ஆடும் விளையாட்டுகளில் ஒருவகை உண்டு. அதில் ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்கிறார். கொல்லன், வீரன், வைத்தியன், கள்வன் என அப்பாத்திரத்துக்கு ஒரு பெயரும் பிறப்பும் தொழிலும் உண்டு. பிறரோடு அப்பாத்திரமாகவே பேசவும் நடக்கவும் வேண்டும். இதனைப் பாத்திரமேற்றல் என்போம். அதே வேளையில் அப்பாத்திரத்துக்கு வாள்வீச்சு, மருத்துவம், இரும்புவேலை முதலான திறன்கள் உண்டு. அவை இலக்கங்களால் அளவிடப்படுவன. திரும்பத் திரும்பச் செய்வதால் அவ்விலக்கங்கள் உயர்வன. இதனைத் திறன் பயிற்சி என்போம். இவ்விரண்டுக்கும் இடையே ஏற்படும் இழுபறிதான் அவ்விளையாட்டுகளை ஆக்குவோரையும் ஆடுவோரையும் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக வருத்திவரும் சிக்கல்.

சிக்கலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கொல்லன் பாத்திரமேற்ற இருவரைக் கருதுக. ஒருவர் பட்டறைக்கு வருவோருடன் விலை பேசுகிறார். போருக்குச் சென்ற மகனைப் பற்றிக் கவலைப்படுகிறார். இரவில் மதுச்சாலையில் ஊர்க்கதை பேசுகிறார். மற்றவர் ஒருவரோடும் பேசாது ஒரே வகைக் குறுவாளை ஐந்நூறு தடவை அடிக்கிறார். விளையாட்டின் கணக்கேடு இரண்டாமவரையே ‘பெருங்கொல்லன்’ என்று பதிகின்றது. முதலாமவர் கொல்லனாக வாழ்ந்தார். ஆனால் கொல்லனெனக் கணிக்கப்படவில்லை. இரண்டாமவர் கொல்லனெனக் கணிக்கப்பட்டார். ஆனால் ஒரு கணமேனும் கொல்லனாக வாழவில்லை. முதலாமவரின் சார்பாளர் மற்றவரை ‘இயந்திரம்’ என இகழ்வர். இரண்டாமவரின் சார்பாளரோ முதலாமவரை ‘வெறும் வாய்ப்பேச்சு’ என்பர். இவ்விவாதத்தில் இரு சாராரும் பிரச்சினையை ஆடுபவரின் மனப்பாங்கிலேயே தேடுவது கவனிக்கத்தக்கது.

இலக்கிய மாணாக்கராகிய எமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் மலையக மக்கள் ஆடிவரும் காமன் கூத்தினை அவதானிக்கச் சென்ற இடத்திலேதான் இவ்வினா எம்மை எதிர்கொண்டது. இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில், மாலை வேளை, கோயில் முற்றத்தில் ஒத்திகைக்காகக் காத்திருந்த இளைஞர் மூவர் கைத்தொலைபேசியில் இத்தகைய விளையாட்டொன்றில் ஆழ்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் அவ்வாண்டு மன்மதன் வேடம் ஏற்கவிருந்தவர். வாத்தியார் வந்து தாளத்தைக் கையிலெடுத்ததும் தொலைபேசி சட்டைப்பைக்குள் போயிற்று. ஒரே இளைஞர், ஒரே மாலைப்பொழுதில், இரு வேறு முறைகளில் ‘ஆடி’ இரு வேறு திறன்களைப் பயின்றார். அவ்விரு பயிற்சிகளும் எவ்வகையில் வேறுபடுகின்றன என்பதே எமது வினா. அதற்கு முன் இவ்விளையாட்டுகளின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். அது படைப் பொம்மைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டின் வயிற்றிற் பிறந்தது. படைப்பிரிவின் வலிமையை இலக்கமாக எழுதும் பழக்கம் தனிமனிதப் பாத்திரத்தின்மீது ஏற்றப்பட்டது. ஒரு வீரனின் அறிவும் உடல்வலியும் அனுபவமும் தாளில் எண்களாயின. எனினும் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தோர் நண்பர்கள். ஆட்டத்தை நடத்துபவர் மனிதர். நன்றாக நடித்தவருக்கு மேலதிகப் புள்ளி வழங்கவும், இயந்திரம் போல் ஆடியவரைக் கடிந்துகொள்ளவும் அவரால் முடிந்தது. எண் இருந்தது, எண்ணுக்கு மேலே ஒரு கூட்டத்தின் தீர்ப்பும் இருந்தது.

கணினிக்குள் புகுந்தபோது அத்தீர்ப்பு கழன்றுபோயிற்று. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவரான ரோய் ட்ரப்ஷோ தொடங்கி, ரிச்சட் பார்ட்டில் விரித்தமைத்த ‘மட்’ என்னும் எழுத்துவழி விளையாட்டே பலர் ஒருங்கே ஆடிய இணைய உலகங்களின் முன்னோடி. புள்ளிகள் சேர்ந்து உச்சத்தை எட்டியவர் ‘மந்திரவாதி’ ஆவார். அதன் வழித்தோன்றல்கள் பின்னர் இரு கிளைகளாகப் பிரிந்தமை எமது நோக்கில் மிக முக்கியமானது. 1989இல் ஜேம்ஸ் ஆஸ்ப்னெஸ் ஆக்கிய ‘டைனிமட்’டில் புள்ளியில்லை, படிநிலையில்லை, கொல்வதற்குப் பூதமுமில்லை. மக்கள் கூடிப் பேசினர்; இடங்களைக் கட்டினர்; வேடமேற்றனர். 1991இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்து மாணவர் ஆக்கிய ‘டிக்குமட்’டிலோ போரும் படிநிலையும் எண்ணுமே உயிர்நாடி. இரண்டாம் கிளையின் வழியிலேதான் பின்னாளில் வணிக விளையாட்டுகள் பெருகின. ‘எவர்குவெஸ்ட்’ (1999), ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ (2004) ஆகியன அதன் வாரிசுகள். மாதச் சந்தா பெறும் நிறுவனத்துக்கு ஆடுபவர் நாள்தோறும் திரும்பி வருதல் வேண்டும். முடிவின்றி உயரும் எண் அதற்கு உகந்த கருவி. நண்பரோடு கூடிப் பேசும் பேச்சு அத்துணை உறுதியான கருவியன்று. ஆகவே இரு கிளைகளுள் எது தழைத்தது என்பதை மனித இயல்பைக் கொண்டு விளக்கவேண்டிய தேவை இல்லை.

இவ்விரு கிளைகளையும் ஒட்டவைக்கும் முயற்சிகளும் நடந்தன. 1997இல் வெளிவந்த ‘அல்ட்டிமா ஒன்லைன்’ படிநிலைகளைக் கைவிட்டு, எதைச் செய்கிறோமோ அதிலே திறன் வளரும் என்னும் விதியை வைத்தது. தச்சன் தச்சுவேலையால் தச்சனாவான். கேட்பதற்கு இது நேர்மையான விதி. நடந்ததோ வேறு. ஒரு செயலைத் தானாகத் திரும்பத் திரும்பச் செய்யும் சிறு நிரலை இயக்கிவிட்டுப் பலர் உறங்கப் போயினர். காலையில் எழுந்தபோது பாத்திரம் தேர்ச்சி பெற்றிருந்தது. பாத்திரம் உழைத்தது, ஆடுபவர் உறங்கினார். வேடத்துக்குள் ஆள் இல்லாமலே வேடம் வளர்ந்தது.

2003இல் ஐஸ்லாந்து நிறுவனமொன்று வெளியிட்ட ‘ஈவ் ஒன்லைன்’ இச்சிக்கலை வேறுவிதமாக அவிழ்க்க முனைந்தது. இங்கு திரும்பச் செய்தல் இல்லை. ஒரு திறனைத் தெரிவு செய்துவிட்டாற் போதும். ஆடுபவர் இணைப்பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடிகாரம் ஓட ஓட அது வளரும். சலிப்பூட்டும் பயிற்சியிலிருந்து ஆடுபவர் விடுபட்டார். எஞ்சிய நேரத்தைப் பாத்திரமாக வாழ்வதில் செலவிடலாம் என்று கருதப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2016 பெப்ரவரியில் அந்நிறுவனம் ஒரு புதுமையைப் புகுத்தியது. ஒரு பாத்திரத்தில் சேர்ந்த திறனை 500,000 புள்ளிகள் கொண்ட கட்டிகளாகப் பிரித்தெடுத்து, விளையாட்டுச் சந்தையில் விற்கலாம். வாங்குபவர் அதைத் தம் பாத்திரத்தினுள் ஏற்றிக்கொள்ளலாம். திறன் அதனை உடையவரிடமிருந்து கழற்றப்பட்டுச் சரக்காயிற்று. மாக்சிய மாணாக்கர் எவரும் கருத்துநிலையில் மட்டுமே எடுத்துக்காட்ட இயலும் எனக் கருதியிருக்கக்கூடிய ஒன்றை இவ்விளையாட்டு அப்பட்டமாகச் செய்து காட்டியது எனின் மிகையாகாது.

இச்சரக்குத்தன்மை விளையாட்டின் எல்லைக்குள் நின்றுவிடவில்லை. 2001இல் பொருளியலாளர் எட்வேர்ட் கஸ்ட்ரோனோவா ‘எவர்குவெஸ்ட்’ உலகில் ஆடுபவர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஈட்டும் பண்டங்களின் மதிப்பினை ஏறத்தாழ 3.42 அமெரிக்க டொலர் எனக் கணித்தார். பிறருக்காக விளையாட்டுப் பொன் திரட்டிக் கூலி பெறும் தொழிலாளர் சீனாவில் தோன்றினர். பகலில் கடூழியம் செய்த கைதிகள் இரவில் அவ்வாறு பொன் திரட்டப் பணிக்கப்பட்டனர் என 2011இல் பிரித்தானிய நாளிதழொன்றில் செய்தி வெளிவந்தது. விளையாட்டு என்பது பொருள்நலனுக்கு அப்பாற்பட்ட தனி வட்டம் என 1938இல் எழுதிய ஹொய்சிங்காவுக்கு இது விளங்கியிருக்குமோ என்னவோ.

திறனுக்கு விலை குறிக்கும் செயல் கணினியோடு தோன்றியதன்று என்பதையும் மறத்தலாகாது. சிலப்பதிகாரத்து மாதவி ஐந்தாம் வயது முதல் ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகின்றாள். தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பரிசும் பெறுகின்றாள். பின்னர் அவ்வாயிரத்தெட்டுக் கழஞ்சே அவள் மாலையின் விலையாகின்றது. செல்வர் உலவும் மறுகிலே கூனி அதனை விற்க நிற்கின்றாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என அத்தனை பேரின் உழைப்பும் திரண்ட திறன் ஒரு தொகையாகி, அத்தொகைக்கு அவள் உடலே கைமாறும் நிலை. அரங்கேற்றத்தின் நுட்பங்களை வியந்துரைக்கும் எமது ஆசிரியர் பலர் மாலையின் விலையைக் கடந்து விரைந்து சென்றுவிடுவர்.

இப்போது மாத்தளைக்கு மீள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே தம்புள்ளையூடாக நடந்து மலைநாட்டை அடைந்தனர். வழியில் மாண்டவர் பலர். வடபாதையால் வந்தோருக்கு மலைநாட்டின் வாயிலாக அமைந்தது மாத்தளை. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்த்திருவிழா இன்று நாடறிந்தது. கோப்பி நோய்வாய்ப்பட்டு அழிந்தபின் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் வந்தன. பயிர்கள் மாறினும் பெரட்டுக்களமும் லயக் காம்பராவும் மாறவில்லை. நடந்துவந்தோர் தம் தலையிற் சுமந்து வந்தவற்றுள் ஒன்று காமன் கதை.

மாசி அமாவாசையை அடுத்த வளர்பிறையிலே காமன் கம்பம் ஊன்றப்படும். வேடமேற்போர் விரதங் காப்பர். ரதியும் மன்மதனும் மணம் புரிந்து லயந்தோறும் ஆடி வருவர். தேவர் ஏவலால் சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுவான், ரதி தடுப்பாள், அவன் கேளான். பௌர்ணமியை ஒட்டிய இரவில் சிவனின் நெற்றிக்கண்ணால் எரிவான். ரதி ஒப்பாரி வைப்பாள். பின்னர் அவன் உயிர்த்தெழுவான். வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி எனப் பல வேடங்கள் இடையிடையே வந்து போகும். (மன்மதன் உண்மையில் எரிந்தானா, எரியவில்லையா என இரு கட்சிகளாகப் பிரிந்து விடிய விடிய வாதிடும் லாவணி மரபு தஞ்சை வட்டாரத்தில் இருந்தது. எமது பல்கலைக்கழகக் கருத்தரங்குகள் அதனிடம் கற்கவேண்டியது சிலவுண்டு.) மேலிடத்தின் கட்டளையை நிறைவேற்றப் போய் இன்னொரு மேலிடத்தின் கண்பட்டுச் சாம்பலாகும் ஒருவனின் கதை, துரைக்கும் கங்காணிக்கும் இடையே வாழ்ந்த மக்களிடம் வேரூன்றியதில் வியப்பில்லை.

ஒத்திகை வேலை முடிந்த பின்னரே நடைபெறும். நாம் கண்ட ஒத்திகையில், அம்மன்மத இளைஞருக்கு ஓர் அடியெடுப்பு வாய்க்கவில்லை. தப்புக்குச் சற்றுப் பிந்தியே கால் விழுந்தது. வாத்தியார் ஏழெட்டுத் தடவை திரும்பச் செய்வித்தார். ஆகவே கூத்தில் ‘திரும்பச் செய்தல்’ இல்லை என்று யாரும் எண்ணலாகாது. அது உண்டு, சலிப்பும் உண்டு. ஆனால் ஒன்பதாம் தடவை அவர் காலைத் திருத்தவில்லை. “ஏன்டா தம்பி, மன்மதன் இப்புடியா நிப்பான்? சிவன எதுத்துப் போற ஆளுடா அவன். ஒனக்கு நாளைக்கு பெரட்டுக்குப் போற மூஞ்சியால்ல இருக்கு” என்றார். கூடியிருந்தோர் சிரித்தனர், இளைஞரும் சிரித்தார். அடுத்த முறை கால் தாளத்தில் விழுந்தது.

இந்நிகழ்ச்சியை நாம் சற்று அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. திறனில் நேர்ந்த பிழை பாத்திரத்தைக் கொண்டு திருத்தப்பட்டது. கால் ஏன் பிந்தியது என்பதற்கு விடை காலில் இருக்கவில்லை. மன்மதன் எத்தகையவன் என்பதிலே இருந்தது. இங்கு பயிற்சி பாத்திரத்துக்கு முந்தியதோர் ஆயத்தமன்று. பாத்திரத்தைப் புரிந்துகொள்வதன் ஒரு வழி. மாறாக, ஐந்நூறு குறுவாள் அடித்தவரின் பயிற்சியில், கொல்லன் எத்தகையவன் என்னும் வினா எழவே இடமில்லை.

ரதி வேடம் இதனை மேலும் தெளிவாக்குகின்றது. அவ்வேடத்தின் உயிர் ஒப்பாரியில் இருக்கின்றது. ரதியாகப் பல ஆண்டு ஆடி ஓய்ந்த முதியவர் ஒருவரிடம் ஒப்பாரியை யாரிடம் கற்றீர்கள் என வினவினோம். வாத்தியார் பாட்டைத்தான் சொல்லித் தந்தார், அழுகையை இழவு வீடுகளில் பெண்களிடம் கேட்டுத்தான் படித்தேன் என்றார். களத்தைச் சுற்றி இருப்போர் அப்பெண்களே. தம் கணவருக்கும் பிள்ளைக்கும் ஒப்பாரி வைத்த அவர்கள், வேடக்காரரின் ஒப்பாரியை எதைக்கொண்டு அளப்பர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அவர்கள் அழுதால் அவர் தேர்ந்தவர். முகத்தைத் திருப்பிக் கதைபேசத் தொடங்கினால் இன்னும் தேறாதவர். இவ்வளவுகோலிலிருந்து திறனை மட்டும் தனியே கழற்றி எடுத்து இன்னொருவருக்கு விற்க இயலாது. அது வேடக்காரரிடம் மட்டும் இருக்கும் பொருளன்று. அவருக்கும் அப்பெண்களுக்கும் இடையே உள்ள உறவு.

அதே பெண்கள் பகலில் வேறொரு அளவுகோலின் கீழ் நிற்பவர்கள். கொழுந்து பறித்தல் எளிய வேலையன்று. இரண்டு இலையும் ஒரு குருத்தும் பார்த்துக் கிள்ளும் விரல்களுக்கு ஆண்டுக்கணக்கான தேர்ச்சி வேண்டும். மாலையில் தராசு அத்தேர்ச்சியை நிறுவையாக்குகின்றது. குறித்த கிலோ பறித்தால் ஒரு ‘பேர்’, குறைந்தால் ‘அரைப்பேர்’. ஒருவரின் ஒரு நாள் உழைப்பைக் குறிக்கத் தோட்ட வழக்கு ‘பேர்’ என்னும் சொல்லையே கொண்டுள்ளது. செக்ரோலில் ஒருவரின் பெயர் பதியப்படுவதிலிருந்து இவ்வழக்கு தோன்றியிருத்தல் கூடும். நிறுவை குறைந்த நாளில் ஒரு பெண்ணின் பெயரே அரையாகிவிடுகின்றது. முன்னாளில் விடியலில் ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்பிய தப்பும், இரவில் மன்மதனை ஆடவைத்த தப்பும் ஒரே தப்புத்தான் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

ஆக, எண்ணால் திறனை அளக்கும் இணைய விளையாட்டு, கூத்துக் களத்தின் வழித்தோன்றலன்று, தராசின் வழித்தோன்றல். வேடம் கூத்துக்குரியதாக இருக்க, கணக்கு கொழுந்து நிறுவைக்குரியதாக உள்ளது. பாத்திரமேற்றலுக்கும் திறன் பயிற்சிக்கும் இடையே ‘சமநிலை’ காணல் வேண்டும் என்னும் பேச்சு இவ்வுண்மையை மறைத்துவிடுகின்றது. நடிப்பும் பயிற்சியும் இயல்பிலேயே பகையானவை என்றும், இரண்டிலும் பாதிப்பாதி எடுத்துக்கொள்ளல் வேண்டும் என்றும் அது கொள்கின்றது. காமன் கூத்தில் அவை பகையானவையாக இல்லை. திறனின் அளவுகோல் எவர் கையில் இருக்கின்றது என்பதே வேறுபாடு.

விளையாட்டு உலகிலேயே இதனை உணர்ந்து செயற்பட்டோர் இல்லாமலில்லை. 1991இல் தொடங்கிய ‘ஆர்மகெடன்’ என்னும் எழுத்துவழி விளையாட்டு இத்தகையது. அங்கு பாத்திரமேற்றல் விருப்பமன்று, விதி. ஒரு பாத்திரம் இறந்தால் மீளாது. அதனோடு சேர்ந்த திறன் யாவும் அழியும். ஆடுபவர் நன்றாகப் பாத்திரமேற்பவர் என நடத்துநர் கண்டால் அவருக்கு நம்பிக்கைப் புள்ளி வழங்குவர். அது அரிய வேடங்களைப் பின்னர் ஏற்கும் உரிமையைத் தரும். அதாவது மதிப்பு, பாத்திரத்தின் எண்ணிலன்றி ஆடுபவரைப் பற்றிய பிறரின் தீர்ப்பிலே தங்குகின்றது. கூத்து வாத்தியார் அடுத்த ஆண்டு யாருக்கு எவ்வேடம் என்று தீர்மானிப்பதற்கு இது வெகு அண்மையில் உள்ளது. இறப்பு மீளாதது என்னும் விதியும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மன்மதன் ஆண்டுதோறும் எரிவதால், கடந்த ஆண்டு மன்மதனாக ஆடியவர் இவ்வாண்டு அதனைச் சேமிப்பாக வைத்திருக்க முடிவதில்லை. மீண்டும் ஆடித்தான் காட்டல் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. எண்ணின் தீர்ப்பை மறுத்து ஊரின் தீர்ப்பைப் போற்றுவோர் அவ்வூர் எத்தகையது என்பதை மறைக்கலாகாது. நாட்டார் கலைகளைப் பற்றிய எமது எழுத்துகளிற் பல இப்பிழையைச் செய்துள்ளன. ரதியாக ஆடியவர் ஆண்கள். ஒப்பாரியைத் தந்த பெண்கள் களத்துக்கு வெளியே அமர்ந்திருந்தனர். அவர்களது திறன் கடன் வாங்கப்பட்டது, வேடம் தரப்படவில்லை. தப்பு அடித்தல் குறித்த சாதியார்மீது சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. தப்பின்றிக் கூத்தில்லை, ஆயினும் தப்படிப்பவர் மகன் மன்மதனாவதற்குப் பல இடங்களில் நெடுங்காலம் செல்ல வேண்டியிருந்தது. ‘ஆர்மகெடன்’ போன்ற விளையாட்டுகளிலும் நடத்துநரின் தீர்ப்பு பக்கச்சார்புடையது எனக் குறைகூறுவோர் எப்போதும் உளர். இயந்திரத்தின் எண்ணுக்கு ஆள்பார்க்கத் தெரியாது. தச்சன் மகனா, தப்படிப்பவர் மகனா என அது கேளாது. ஐந்நூறு குறுவாள் அடித்தவர் எவராயினும் பெருங்கொல்லன் என்று பதியும். அவ்விளைஞர்கள் தொலைபேசி விளையாட்டில் ஈர்க்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருத்தல் கூடும். அம்மூவருள் ஒருவர், தாம் அங்கு நாற்பது பேருக்குத் தலைவர் என்று எம்மிடம் கூறியபோது குரலில் இருந்த பெருமிதத்தை அலட்சியப்படுத்த நாம் தயாராக இல்லை. தோட்டத்தில் அவரை எவரும் எதற்கும் தலைவராக்கியதில்லை. முதலாளித்துவத்தின் அளவுகோல் பழைய கட்டுகளை அறுக்கும் ஆற்றலும் உடையது என்பதைக் கம்யூனிஸ்ற் கட்சி அறிக்கையைப் படித்தவர்க்கு நாம் எடுத்துக்கூற வேண்டியதில்லை.

ஆகவே களத்தின் அளவுகோலை அப்படியே மீட்பதன்று, அக்களத்தைச் சுற்றி இருப்போர் யார், உள்ளே நிற்போர் யார் என்பதை மாற்றுவதே வேண்டற்பாலது. ஈழத்துக் கூத்து வரலாற்றில் இதற்கு ஒருவகை முன்னனுபவம் உண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தபோது ஆடுவோரும் பார்ப்போரும் மாறினர். ‘இராவணேசன்’ போன்ற ஆக்கங்கள் தோன்றின. ஆயினும் அம்மாற்றத்தில் கிராமத்துக் களம் மேடைக்கு வந்ததேயன்றி, களத்தின் தீர்ப்பாளர் மேடைக்கு வரவில்லை. மலையகக் கூத்துக்கு அத்துணைக் கவனமும் அக்காலத்திற் கிட்டவில்லை என்பது வேறு.

கூத்தின் தொடர்ச்சி மாத்தளையில் எவ்வாறு அறுபட்டது என்பதையும் கூறல் வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் பேசித் தீர்ப்பதற்கென விடப்பட்டது. குடும்பங்களை எண்களாக நிறுத்துப் பிரித்த அக்கணக்கிலே, ரதியாக ஆடியவர் ஒரு கரைக்கும் மன்மதனாக ஆடியவர் மறு கரைக்கும் சென்ற தோட்டங்கள் உண்டு என முதியோர் கூறுவர். வாத்தியார் கப்பலேறிய பின் சில ஆண்டுகள் கம்பமே ஊன்றாத தோட்டத்தையும் அவர்கள் சுட்டினர். பாட்டு ஏடு எஞ்சியிருந்தது, அடியெடுப்பு எஞ்சவில்லை. திறன் ஏட்டிலன்றி ஆளுக்கும் ஆளுக்கும் இடையே வாழ்ந்தது என்று முன்னர்க் கூறியதன் துயரமான நிரூபணம் அது.

இன்றைய அறுபடல் வேறு வகையானது. இளைஞர் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கின்றனர். மாசி வளர்பிறை முழுவதும் தோட்டத்தில் தங்க விடுமுறை கிடைப்பதில்லை. நாம் சந்தித்த வாத்தியார் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார். அடியெடுப்புகளைத் தொலைபேசியிற் படம்பிடித்துக் கொழும்பிலுள்ளோருக்கு அனுப்புகிறார். அவர்கள் கடை பூட்டிய பின் அறையில் தனியே ஆடிப் படம்பிடித்துத் திருப்பி அனுப்புகின்றனர். பாட்டும் தாளமும் இவ்வாறு வந்துவிடுகின்றன என்கிறார். நிற்கும் நிலை மட்டும் வருவதில்லை. அதற்காகப் பௌர்ணமிக்கு முன் மூன்று இரவுகளேனும் எல்லாரும் வந்தாக வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறார்.

ரதிக்கு ஆள் கிடைக்காமையால் அவ்வாண்டு ஒத்திகையில் ஒரு பெண் ரதியின் பாட்டைப் பாடினார். ஆடைத் தொழிற்சாலையிலிருந்து விலகி வந்தவர். வயது இருபத்திரண்டு இருக்கலாம். வேடம் கட்டுவது பற்றித் தோட்டத்துப் பெரியவர்களிடையே இன்னும் முடிவாகவில்லை; அன்று அவர் முற்றத்தின் ஓரத்தில் நின்றுகொண்டே பாடினார். தடுத்துச் செல்லும் கட்டம் முடிந்து ஒப்பாரிக்கு வந்தபோது, தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டனர்.